இருபதடியா, நாற்பதடியா, நாற்பத்தைந்தடியா? கன்டெய்னர் நீளம்: முழுமையான வழிகாட்டி

இருபதடி என்று எல்லோரும் சொல்லும் கன்டெய்னரை நாடா வைத்து அளந்தால் இருபதடி வராது. 19 அடி 10½ அங்குலம்தான் வரும், மீட்டரில் 6.058. நாற்பதடியோ சரியாக நாற்பதடி, 12.192 மீட்டர். இந்த ஒன்றரை அங்குலக் குறைவு தெரிந்தே வைக்கப்பட்டது. இரண்டு இருபதடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் 76 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் கூட்டிப் பாருங்கள்: 6.058, 0.076, 6.058. மொத்தம் 12.192. ஒரு நாற்பதடி உட்காரும் இடத்தில் இரண்டு இருபதடிகள் இம்மியும் பிசகாமல் உட்காரும்.

ஏற்றுமதிக்குப் புதிதாக வருகிறவர்கள், கன்டெய்னரின் நீளத்தை அதன் கொள்ளளவாக மட்டுமே பார்க்கிறார்கள். "சரக்கு கொஞ்சம்தான், இருபதடி போதும், நிறைய இருந்தால் நாற்பதடி" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பெட்டியின் மூலைகள் எந்த இடத்தில் போய் நிற்கும் என்பதைத்தான் நீளம் முதலில் சொல்கிறது. லாரியும் ரயிலும் கப்பலும் கிரேனும் பெட்டியை மூலையில்தான் பிடிக்கின்றன. ஆகவே உங்கள் கிடங்கிலிருந்து வாங்குபவரின் கிடங்கு வரை உள்ள வழியில் எந்த இடம் மிக நெருக்கடியானதோ, அந்த இடமே பெட்டியின் நீளத்தை முடிவு செய்யும். திருப்பூர், கரூர், கிருஷ்ணகிரி போன்ற ஊர்களிலிருந்து முதல் கன்டெய்னரை அனுப்பப் போகிறவர்களுக்கும், சரக்கு அனுப்பும் அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

1. அளவுகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்

கப்பலேறும் வழக்கமான பெட்டி எல்லாவற்றுக்கும் வெளி அகலம் 8 அடி, அதாவது 2.438 மீட்டர். உயரம் இரண்டு வகை: சாதாரணப் பெட்டி 8½ அடி (2.591 மீட்டர்), ஹை கியூப் 9½ அடி (2.896 மீட்டர்). நீளத்தைப் பொறுத்தவரை நடைமுறையில் நீங்கள் சந்திக்கப் போவது மூன்றுதான்.

20 அடி: வெளியே 6.058 மீட்டர், உள்ளே சுமார் 5.90 மீட்டர். கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர்.

40 அடி: வெளியே 12.192 மீட்டர், உள்ளே சுமார் 12.03 மீட்டர். கொள்ளளவு சுமார் 67 கன மீட்டர். ஹை கியூப் என்றால் 76.

45 அடி: வெளியே 13.716 மீட்டர், உள்ளே சுமார் 13.55 மீட்டர். பெரும்பாலும் ஹை கியூப் உயரத்திலேயே வரும். கொள்ளளவு சுமார் 86 கன மீட்டர்.

உள் அகலம் மூன்றிலும் 2.35 மீட்டர் அளவில் இருக்கும். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரத்தில் 10 அடியும் 30 அடியும் உண்டு. முப்பதடியை ஐரோப்பாவில் ரசாயனத் தூள், பிளாஸ்டிக் குருணை போன்றவற்றை மொத்தமாகக் கொண்டுசெல்லப் பயன்படுத்துகிறார்கள்; நம் பக்கத்துத் துறைமுகங்களில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

குளிர்பதனப் பெட்டியில் இறால், மீன் அனுப்புகிறவர்கள் இந்த உள் அளவுகளை நம்ப வேண்டாம். முன் சுவரில் குளிரூட்டும் இயந்திரமும், சுற்றிலும் வெப்பத் தடுப்பும் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. வெளியே நாற்பதடியாக இருந்தாலும் உள்ளே 11.6 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

2. மூலைகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் எட்டு மூலைகளிலும் வார்ப்பு எஃகால் ஆன கட்டை ஒன்று இருக்கும். கார்னர் காஸ்டிங் என்பார்கள். 178 மில்லிமீட்டர் நீளம், 162 அகலம், 118 உயரம். அதன் நீள்வட்டத் துளைக்குள் ட்விஸ்ட் லாக் என்ற பூட்டு நுழைந்து, கால் சுற்று திரும்பிப் பிடித்துக்கொள்ளும். நாற்பதடியில் முன் துளைக்கும் பின் துளைக்கும் இடையே மையத்துக்கு மையம் 11.985 மீட்டர், இருபதடியில் 5.853 மீட்டர். உலகத்தில் உள்ள டிரெய்லர், ரயில் வேகன், கப்பல் தளம், பெட்டியைப் பிடித்துத் தூக்கும் கிரேனின் சட்டமான ஸ்பிரெடர் எல்லாம் இந்த இரண்டு எண்களை வைத்தே செய்யப்பட்டவை.

பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கும்போது எடை முழுவதும் மூலைத் தூண்கள் வழியாகவே கீழே இறங்குகிறது. கூரையும் பக்கச் சுவரும் மெல்லிய தகடு. அவற்றால் இன்னொரு பெட்டியைத் தாங்க முடியாது. இதிலிருந்து பிறக்கும் விதி எளியது. கீழே இரண்டு இருபதடிகள், மேலே ஒரு நாற்பதடி: வைக்கலாம். கீழே ஒரு நாற்பதடி, மேலே இரண்டு இருபதடிகள்: வைக்கக் கூடாது. இருபதடிகளின் உள்பக்க மூலைகள் நாற்பதடியின் நடுக்கூரையில், தூணே இல்லாத இடத்தில் போய் நிற்கும். கிடங்கிலும் கப்பலிலும் "ஏன் என் பெட்டியை இன்னும் ஏற்றவில்லை" என்று எழும் பல கேள்விகளுக்கு இந்த ஒரு விதியே பதில்.

நாற்பத்தைந்தடி இந்தக் கணக்கில் எப்படிப் பொருந்துகிறது? அதற்கு நுனிகளில் காஸ்டிங் இருப்பதோடு, நாற்பதடிக்குரிய இடத்திலும் தூண்களும் காஸ்டிங்குகளும் உண்டு. ஒரு நாற்பதடியின் மேல் அது உட்காரும். இரு முனைகளிலும் 76 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது கிளப்பும் தொல்லைகள் எல்லாம் இந்த 76 சென்டிமீட்டரிலிருந்து வருபவைதான்.

இந்த நீளங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியது. அனுப்பியவர் லாரித் தொழிலில் இருந்த மால்கம் மக்லீன். அவருடைய சீ-லேண்ட் நிறுவனம் 35 அடியைத் தன் அளவாக வைத்துக்கொண்டது. கிழக்குக் கரை நெடுஞ்சாலைகள் அனுமதித்த டிரெய்லர் நீளத்தை ஒட்டி வந்த அளவு அது. மேற்குக் கரையிலோ ஹவாய்க்குக் கப்பல் விட்ட மேட்சன் நிறுவனம் 1958இல் 24 அடியோடு இறங்கியது. அன்னாசிப்பழ டின்கள் கனமானவை. நீளமான பெட்டியில் நிரப்பினால் தூக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. பிறகு 1960களில் தரக் குழுக்கள் கூடிப் பேசி 10, 20, 30, 40 என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்தன, ஐ.எஸ்.ஓ. 668 தரம் 1968இல் வெளிவந்தது. தொழிலைத் தொடங்கிவைத்த இருவரின் அளவும் அதில் இல்லை. ஆனால் மக்லீன் தரப்பு மூலைக் கட்டையின் காப்புரிமையை விட்டுக்கொடுத்ததால்தான் எல்லோருக்கும் பொதுவான பூட்டு சாத்தியமானது. நீளத்தில் தோற்றவர் மூலையில் ஜெயித்தார் என்று நான் நினைத்துக்கொள்வேன். நாற்பத்தைந்தடி இந்தத் தரத்துக்குள் வர 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3. முதலில் எடை, பிறகுதான் இடம்

கன்டெய்னர் கதவில் எழுதியிருக்கும் எடைகளைப் படியுங்கள். மொத்த எடை வரம்பு, காலிப் பெட்டியின் எடை, ஏற்றக்கூடிய சரக்கின் எடை என மூன்று எண்கள் இருக்கும். இன்று புழக்கத்தில் இருக்கும் பெரும்பாலான இருபதடிக்கும் நாற்பதடிக்கும் மொத்த வரம்பு ஒன்றேதான்: 30,480 கிலோ. இருபதடிகளில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் உண்டு. பழைய பெட்டிகளில் 24,000 என்றும் இருக்கலாம். நீளம் இரட்டிப்பானால் எடையும் இரட்டிப்பாகும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். காலி இருபதடி சுமார் 2.2 டன்; காலி நாற்பதடி 3.7 முதல் 4 டன் வரை. கழித்துப் பார்த்தால் நாற்பதடியில் ஏற்றக்கூடிய சரக்கு இருபதடியைவிட ஒன்றரை டன் அளவுக்குக் குறைவு.

ஆகவே உங்கள் சரக்கின் மொத்த எடையை அதன் கன அளவால் வகுத்துப் பாருங்கள். கன மீட்டருக்கு சுமார் 850 கிலோவுக்கு மேல் வந்தால் இருபதடிதான்; வேறு யோசனை வேண்டாம். 350 கிலோவுக்குக் கீழே வந்தால் நாற்பதடி ஹை கியூப். இரண்டுக்கும் நடுவில் விழுந்தால்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் முதல் வகைக்கு நல்ல உதாரணம். ஒரு கன மீட்டர் கிரானைட் சுமார் 2.7 டன். 27 டன் ஏற்றினால் 10 கன மீட்டர்தான் ஆகிறது; பெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு காற்று. அந்தக் காலி இடத்தைப் பார்த்து மனம் கலங்கக் கூடாது. அதே கல்லை நாற்பதடியில் ஏற்றினால் இன்னும் மோசம்: நீளமான அடிச்சட்டத்தின் நடுவில் கனம் குவிந்தால் சட்டம் வளையும், தளப் பலகை உடையும். பின்னலாடை நேர் எதிர். எடை வரம்பை நெருங்கும் முன்பே இடம் தீர்ந்துவிடும்.

4. கார்ட்டனின் நீளத்தைப் பெட்டியின் நீளத்தோடு பொருத்துங்கள்

கன மீட்டரை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் அதிகம் பணத்தை இழக்க வைக்கும் பழக்கம். நாற்பதடி ஹை கியூப் 76 கன மீட்டர், கார்ட்டன் 0.096 கன மீட்டர், வகுத்தால் 791 கார்ட்டன் என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அத்தனை ஒருபோதும் போகாது.

60 × 40 × 40 சென்டிமீட்டர் கார்ட்டனை எடுத்துக்கொள்வோம். பெட்டியின் அகலம் 235 சென்டிமீட்டர். குறுக்கே ஐந்து கார்ட்டனை 40 பக்கமாக வைத்தால் 200 ஆகும். 35 சென்டிமீட்டர் வீண். மூன்றை 60 பக்கமாகவும் ஒன்றை 40 பக்கமாகவும் வைத்தால் 220. வீண் 15 மட்டுமே. இப்படி வைக்கும்போது, குறுக்கே 60 காட்டும் வரிசைகளில் நீளவாக்கில் 40 வரும். குறுக்கே 40 காட்டும் வரிசையில் நீளவாக்கில் 60 வரும்.

நாற்பதடியின் உள் நீளம் 1,203 சென்டிமீட்டர். முதல் வகை வரிசையில் 30 கார்ட்டன், இரண்டாவதில் 20. ஒரு அடுக்குக்கு மூன்று முப்பதும் ஒரு இருபதும் சேர்த்து 110. ஹை கியூப் உயரத்தில் ஆறு அடுக்கு: 660 கார்ட்டன். சாதாரண நாற்பதடியில் ஐந்து அடுக்கு: 550.

இருபதடியின் உள் நீளம் 590 சென்டிமீட்டர். முதல் வகை வரிசையில் 14, இரண்டாவதில் 9. அடுக்குக்கு 51, ஐந்து அடுக்கில் 255. இரண்டு இருபதடிகள் எடுத்தாலும் 510தான். வெளியே 40 அடியை இரண்டு இருபதடிகள் நிரப்பினாலும் உள்ளே இரண்டு முன் சுவர், இரண்டு கதவு, நடு இடைவெளி எல்லாம் சேர்ந்து 23 சென்டிமீட்டரைத் தின்றுவிடுகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் மிஞ்சும் துண்டு இடம் தனி. கப்பல் கட்டணத்திலும் இரண்டு இருபதடிகளுக்கு ஆவதைவிட ஒரு நாற்பதடிக்குப் பெரும்பாலும் குறைவாகவே ஆகும். எடை இடம் கொடுத்தால் நாற்பதடியை எடுப்பதே சரி.

இப்போது கார்ட்டனைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். 60 சென்டிமீட்டரை 58 ஆக்கினால் இருபதடியில் நீளவாக்கில் 9 போன இடத்தில் 10 போகும். நாற்பதடியில் 20 என்பது 20 ஆகவே இருக்கும். ஆனால் 60 என்ற அளவில் 1,203க்கு 1,200 என்று மூன்றே சென்டிமீட்டர் இடைவெளியோடு திணற வேண்டியிருந்தது, இப்போது தாராளம். அட்டைப் பெட்டிகள் நிரம்பினால் புடைக்கும். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் புடைத்தாலே இருபதாவது கார்ட்டனுக்கு இடம் இருக்காது. 660 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 636 மட்டும் ஏற்றிவிட்டு நிற்கும் நிலை அப்படித்தான் வருகிறது. கார்ட்டன் செய்பவரிடம் அளவு கொடுக்கும் முன் கன்டெய்னரின் உள் நீளத்தைப் பார்த்துவிடுங்கள். துணியை மடிக்கும் அளவைக் கூட அதற்கேற்ப மாற்றலாம்.

5. உங்கள் வாசலிலிருந்து சாலை வரை

நாற்பதடிப் பெட்டியை ஏற்றிய டிரெய்லர், இழுக்கும் வண்டியோடு சேர்த்துச் சுமார் 16 மீட்டர். அது திரும்புவதற்கு உங்கள் தெரு முனை போதுமா? ஒரு முறை நடந்து போய்ப் பாருங்கள். எதிரே மின்கம்பம், ஓரத்தில் சாக்கடை மூடி, வாசலில் தூண். மேலேயும் பாருங்கள். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்றால் ஹை கியூப்பின் உச்சி 4.4 மீட்டரில் இருக்கும். தாழ்ந்த மின்கம்பியும் ரயில்வே கீழ்ப்பாலமும் அந்த உயரத்துக்கு வழி விடுமா என்பதை ஓட்டுநர் வந்த பிறகு கண்டுபிடிப்பது நல்லதல்ல.

டிரெய்லரில் ட்விஸ்ட் லாக்குகள் 20 அடி, 40 அடி இடங்களில் இருக்கும். ஒரே ஒரு கனமான இருபதடியை நாற்பதடி டிரெய்லரின் பின்கோடியில் வைத்தால் முன்பக்கம் இலகுவாகி, இழுக்கும் வண்டியின் சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும். பின் அச்சுகளில் சுமை ஏறும். நடுவில் வைப்பதற்கான பூட்டு உள்ள டிரெய்லரைக் கேளுங்கள், இல்லையென்றால் இருபதடி டிரெய்லரையே கேளுங்கள்.

இரண்டு இருபதடிகளை ஒரே டிரெய்லரில் வரவழைத்து, வாசலிலேயே நிரப்பி அனுப்பலாம் என்று சிலர் யோசிப்பார்கள். நடக்காது. இரண்டுக்கும் நடுவில் 76 மில்லிமீட்டர் இடைவெளிதான். முன் பெட்டியின் கதவைத் திறக்க முடியாது. கிரேன் வைத்து ஒன்றை இறக்கினால் ஒழிய வழியில்லை. எடையும் இடிக்கும்: இந்தியாவில் 2018இல் அச்சு எடை வரம்புகளை உயர்த்திய பிறகும் மிகப் பெரிய டிரெய்லர் வண்டிக்கு மொத்தம் 55 டன்தான் உச்சம், அச்சுகள் குறைவென்றால் அதற்கும் கீழே. வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் முழுதாக நிரம்பிய இரண்டு இருபதடிகளுக்கு இடமில்லை.

6. ரயிலில் போவதாக இருந்தால்

நம் நாட்டில் கன்டெய்னர் ரயில் என்றால் பெரும்பாலும் பி.எல்.சி. என்ற தாழ்தள வேகன்கள். ஐந்து வேகன் சேர்ந்தது ஒரு தொகுதி. அப்படி ஒன்பது தொகுதி, 45 வேகன், ஒரு ரயில். வேகன் ஒன்றில் ஒரு நாற்பதடி அல்லது இரண்டு இருபதடிகள். ஆக ஒரு ரயிலுக்கு 90 இருபதடிகள். தளம் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவிலேயே இருப்பதால் ஹை கியூப் பெட்டியும் மின்கம்பிக்குக் கீழே நிம்மதியாகப் போகும். சுமை வரம்பு வேகனுக்கு 61 டன் அளவு. இரண்டு 30.48 டன் பெட்டிகளைக் கூட்டினால் 60.96. சாலையில் முடியாதது இங்கே முடிகிறது: முழு எடையோடு இரண்டு இருபதடிகள் அருகருகே போகலாம். கனமான சரக்குக்காரர்கள் இரும்புப் பாதையைத் தேடிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் தனியாக ஒரு இருபதடி மட்டும் கொண்டுபோனால், மறு பாதி இடத்துக்கு ஜோடி கிடைக்கும் வரை அது யார்டில் நிற்கக்கூடும். இருகூர் போன்ற உள்நாட்டுக் கன்டெய்னர் கிடங்கு வழியாக அனுப்புகிறவர்கள் இருபதடியை இரண்டு இரண்டாகத் திட்டமிடுவது நல்லது.

நாற்பத்தைந்தடி பி.எல்.சி.யில் சிக்கும். இருமுனையிலும் 76 சென்டிமீட்டர் நீட்டினால் அடுத்த வேகனில் உள்ள பெட்டியோடு இடிக்கும் என்பதால், அதற்கென்று நீளம் கூட்டிய பி.எல்.எல். வேகன் வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று எண்ணி வாக்குக் கொடுக்காதீர்கள்.

இரட்டை அடுக்கு ரயிலைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். அமெரிக்காவில் பெட்டியைக் குழிபோன்ற வேகனுக்குள் இறக்கி, மேலே இன்னொன்றை வைக்கிறார்கள். நம்முடைய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர் என்பதால் தட்டையான வேகனிலேயே இரண்டு அடுக்கு நிற்கிறது, தடை உயரம்தான். மேற்கு சரக்கு வழித்தடத்தில் மின்கம்பியை 7.57 மீட்டர் உயரத்தில் கட்டியிருப்பதால் அங்கே மின்சார எஞ்சினே இரட்டை அடுக்கை இழுக்கிறது. மற்ற மின்மயப் பாதைகளுக்காக 6 அடி 4 அங்குல உயரமுள்ள குள்ளப் பெட்டிகளையும் ரயில்வே கொண்டுவந்தது. அவை உள்நாட்டுச் சரக்குக்குத்தான். கப்பலேறும் உங்கள் பெட்டிக்கு அதனால் பயனில்லை.

ஐரோப்பாவில் கணக்கு வேறு. 60 அடி வேகன் அங்கே சகஜம்: மூன்று இருபதடிகள், அல்லது ஒரு நாற்பதும் ஒரு இருபதும். அதே வேகனில் நாற்பத்தைந்தடி ஏறினால் மிச்ச 15 அடி வீணாகப் போகும். அதனால்தான் இரண்டு நாற்பத்தைந்துகளுக்காகவே 90 அடி இணை வேகன்கள் செய்தார்கள்.

7. கப்பலில் உங்கள் பெட்டி எங்கே போகும்

கப்பலின் நீளவாக்கில் இடங்களுக்கு பே என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் இருபதடிக்கு, இரட்டைப்படை நாற்பதடிக்கு. பே 01, 03 இரண்டையும் சேர்த்து ஒரு நாற்பதடி பிடித்துக்கொண்டால் அந்த இடம் 02. இருபதடி, நாற்பதடி உறவு இவ்வளவு கச்சிதமாக எண்ணிலேயே தெரிவது இங்கேதான். கப்பலின் கொள்ளளவைச் சொல்லும் டி.இ.யூ. என்ற கணக்கும் இருபதடியை ஒன்றாக வைத்ததே, நாற்பதடி இரண்டு. நாற்பத்தைந்தடியைச் சிலர் இரண்டு என்றும் சிலர் 2.25 என்றும் கணக்கிடுவார்கள். கட்டணத்தில் எது என்று கேட்டு வாங்குங்கள்.

தளத்துக்குக் கீழே, கப்பலின் வயிற்றுக்குள், செங்குத்தான இரும்புத் தண்டவாளங்களுக்கு இடையே பெட்டி இறங்கும். செல் கைடு என்ற அந்தத் தண்டவாளங்கள் பெரும்பாலும் நாற்பதடிக்கு அமைந்தவை. இரண்டு இருபதடிகள் அதற்குள் இறங்கும், நாற்பத்தைந்தடி இறங்காது. அதற்குத் தளத்துக்கு மேலே, அதுவும் நுனி நீட்டுவதற்கு இடம் இருக்கும் அடுக்கில்தான் இடம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் சிறிய ஃபீடர் கப்பலில் ஏறி, அங்கே பெரிய கப்பலுக்கு மாறும் பெட்டிக்கு இரண்டு கப்பலிலும் அந்த இடம் உறுதியாக வேண்டும். நாற்பதடிக்கு இந்தக் கவலையே கிடையாது. என் கருத்தைக் கேட்டால், 10 கன மீட்டர் கூடுதல் இடத்துக்காக நாற்பத்தைந்தடியை நாடுவது இங்கிருந்து அனுப்புகிறவருக்கு அரிதாகவே லாபம்.

8. இறங்கும் நாட்டின் சாலை

வாங்குபவர் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருந்து "33 பேலட் அனுப்புங்கள்" என்று எழுதினால், அவர் மனதில் இருப்பது 13.6 மீட்டர் ஐரோப்பிய டிரெய்லர். சரக்கை அடுக்கும் மரத்தட்டான 1.2 × 0.8 மீட்டர் யூரோ பேலட் அதில் 33 போகும். உங்கள் நாற்பதடியில் 24 அல்லது 25தான், இருபதடியில் 11. முக்கியக் காரணம் அகலம்: இரண்டு பேலட்டை நீளப் பக்கமாகக் குறுக்கே வைக்க 2.40 மீட்டர் வேண்டும், பெட்டியில் 2.35தான் இருக்கிறது. இந்த ஐந்து சென்டிமீட்டரும் நீளக் குறைவும் சேர்ந்து எட்டு, ஒன்பது பேலட்டை வெளியே நிறுத்திவிடுகின்றன. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஐரோப்பாவுக்குள் ஓடும் 45 அடிப் பெட்டிகளை அகலம் கூட்டிச் செய்கிறார்கள்; 33 பேலட் அதில் ஏறும்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் பெட்டி 53 அடி, 16.154 மீட்டர், அகலமும் 8½ அடி. அங்கே மேற்குக் கரைத் துறைமுகங்களில் இறங்கும் நாற்பதடிகளைக் கிடங்கில் பிரித்து 53 அடிக்கு மாற்றி உள்நாட்டுக்கு அனுப்புவது வழக்கம். மூன்று நாற்பதடிச் சரக்கு ஏறக்குறைய இரண்டு 53 அடிக்குள் அடங்கும். உங்கள் சரக்கு அப்படி இடமாற்றம் ஆகுமா என்று வாங்குபவரைக் கேளுங்கள். ஆகும் என்றால் கார்ட்டன்கள் இன்னொரு முறை கையாளப்படும். அட்டையின் தரத்தைக் கூட்டுங்கள். எடையையும் கேளுங்கள். அமெரிக்க நெடுஞ்சாலையில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36 டன்தான் பொது வரம்பு. இங்கே சட்டப்படி ஏறிய 27 டன் கிரானைட், அங்கே சிறப்பு டிரெய்லரும் தனி அனுமதியும் இல்லாமல் துறைமுகத்தைத் தாண்டாது.

9. புக்கிங்கும் பெட்டியைச் சரிபார்ப்பதும்

முன்பதிவில் "40 அடி" என்று மட்டும் எழுதாதீர்கள். சாதாரணமா ஹை கியூப்பா என்பதையும் எழுதுங்கள். மேலே கணக்குப் போட்ட 660 கார்ட்டன் சாதாரண நாற்பதடி வந்து நின்றால் 550 ஆகிவிடும்.

பெட்டி வாசலுக்கு வந்ததும் அதன் மேல் 22ஜி1 என்பது போல எண்ணும் எழுத்துமாக நான்கு இடங்களில் எழுதியிருக்கும் குறியைப் பாருங்கள். முதல் குறி நீளம்: 2 என்றால் 20 அடி, 4 என்றால் 40 அடி, எல் என்றால் 45 அடி. இரண்டாவது குறி உயரமும் அகலமும்: 2 என்றால் 8½ அடி உயரம், 5 என்றால் 9½ அடி. அடுத்த இரண்டும் வகையைச் சொல்லும். சாதாரணச் சரக்குப் பெட்டிக்கு ஜி1, குளிர்பதனத்துக்கு ஆர்1. ஆகவே 22ஜி1 சாதாரண இருபதடி, 42ஜி1 சாதாரண நாற்பதடி. இதில் ஒரு பொறி இருக்கிறது. 45ஜி1 என்பதைப் பார்த்து நாற்பத்தைந்தடி வந்துவிட்டது என்று பலர் பதறுகிறார்கள், சிலர் மகிழ்கிறார்கள். அது நாற்பதடி ஹை கியூப். உண்மையான நாற்பத்தைந்தடி எல்5ஜி1 என்று இருக்கும்.

சரக்கு ஏற்றத் தொடங்கும் முன் நாடாவை உள்ளே நீட்டி நீளத்தை ஒரு முறை அளந்துவிடுங்கள். முன் சுவர் உள்நோக்கி அமுங்கியிருந்தால் கடைசி வரிசைக் கார்ட்டன் கதவுக்குள் அடங்காது. அப்படிப்பட்ட பெட்டியை ஏற்றாமல் திருப்பி அனுப்புவது உங்கள் உரிமை. ஏற்றி முடித்துச் சீல் வைத்த பிறகு, சரிபார்க்கப்பட்ட மொத்த எடையைக் கப்பல் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். 2016 ஜூலை 1 முதல் அது இல்லாமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. முழு வண்டியையும் எடைமேடையில் ஏற்றி, வண்டியின் எடையைக் கழித்துக் கணக்கிடலாம். அல்லது சரக்கு, பேலட், கட்டுப் பொருள்கள் எல்லாவற்றையும் தனித்தனியே நிறுத்துக் கூட்டி, கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டி எடையைச் சேர்க்கலாம். இரண்டாவது வழியை எடுத்தால் கதவில் உள்ள எண்ணைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளமுள்ள இரண்டு பெட்டிகளில் காலி எடை நூறு, இருநூறு கிலோ வேறுபடுவது சாதாரணம்.